கையுறைக்குப் பெயர் ‘கைச்செருப்பு’!

பிரிட்டிஷ் கவுன்சிலுக்கு 2004-ம் ஆண்டு 70 வயது நிறைந்தது. உலகம் முழுக்க ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நிறுவனம் அல்லவா? அந்தப் பிறந்தநாளைக் கொஞ்சம் வித்தியாசமாகக் கொண்டாட நினைத்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத 102 நாடுகளில், 40,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: ‘ஆங்கிலத்தில் உங்களுக்குப் பிடித்த, அழகான சொல் எது?’

வந்த பதில்களிலிருந்து 70 சொற்களைக் கொண்ட பட்டியல் ஒன்று தயாரானது. வருஷத்துக்கு ஒரு சொல் என்று கணக்கு. முதலிடம் எதற்கு என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். ‘மதர்’. அம்மாவேதான்! அடுத்தது தீராத வேட்கையைச் சொல்லும் ‘பேஷன்’, பிறகு ‘ஸ்மைல்’, ‘லவ்’. ஐந்தாவதாக, முடிவே இல்லாத காலத்தைக் குறிக்கும் ‘எடர்னிட்டி’.

‘ஃபாதர்’ எந்த இடத்தில் என்று தேடுகிறீர்களா? தேட வேண்டாம். எழுபதிலும் இல்லை. 40-வது இடத்தில் ‘பம்ப்கின்’ இருக்கிறது, 41-ல் ‘பனானா’, 54-ல் ‘கோகனட்’. பூசணிக்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் கிடைத்த இடம் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் அப்பாக்கள் கோபித்துக்கொள்ளாமல் மேலே படிக்கவும்.

அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். மேலே இருப்பவை எல்லாம் வாழ்த்து அட்டையில் அச்சடிக்கும் சொற்கள்: அமைதி, சுதந்திரம், நம்பிக்கை, வானவில். கீழே போகப் போகக் கூட்டம் கலகலப்பாகிறது. ‘கங்காரு’ வருகிறது. ‘ஹிப்பொபொட்டாமஸ்’ வருகிறது. விக்கலுக்கான ‘ஹிக்கப்’, கால் தடுக்கினால் வாயில் வரும் ‘ஊப்ஸ்’, தெருவில் ஒருவரை அதட்டிக் கூப்பிடும் ‘ஓய்’ வரை இடம்பிடித்திருக்கின்றன. 

இதற்கு நேர்மாறான ஒரு பட்டியலும் இருக்கிறது. 1932-ல் வில்ஃப்ரெட் ஃபங்க் என்ற அமெரிக்க அகராதிப் பதிப்பாளர், ஆங்கிலத்தின் மிக அழகான பத்துச் சொற்கள் இவை என்று அறிவித்தார். அவருக்கு ஆங்கிலம் தாய்மொழி. விடியல், மூடுபனி, முணுமுணுப்பு, மணியோசை, மெல்லிசை என்று எல்லாமே மெத்தென்ற சொற்கள். ஒன்றில்கூடச் சிரிப்பு இல்லை. இரண்டு பட்டியலிலும் இருக்கிற சொல் தாலாட்டைக் குறிக்கும் ‘லல்லபை’. ஃபங்க் ஐயா வாழைப்பழத்தைச் சேர்க்கத் துணிந்திருக்கவே மாட்டார். வாழைப்பழம் அவருக்கு வெறும் வாழைப்பழம். புதிதாகக் கற்பவருக்கோ ‘ப-னா-னா’ என்பது வாயில் உருட்டி விளையாடுகிற ஒரு பொம்மை.

எனக்கு அந்த எழுபதில் மிகவும் பிடித்தது 43-வது இடம். ‘இஃப்’. இரண்டே எழுத்து. மலரும் இல்லை, நிலவும் இல்லை, பொருள் என்று கையில் பிடிக்கவும் எதுவும் இல்லை. ஆனால், ஆங்கிலம் கற்கும் தமிழர் அதன் முன் ஒரு நிமிஷம் நின்றுதான் ஆக வேண்டும். ஏனென்றால், நம்மிடம் அதற்குத் தனிச்சொல் அவசியமே இல்லை. ‘வந்தால்’, ‘மழை பெய்தால்’, ‘நீ சொன்னால்’ என்று வினைச்சொல்லின் வாலில் ‘ஆல்’ சேர்த்துவிடுகிறோம். ‘மழை பெய்’ என்பதுவரை கேட்டவருக்கு, மழை பெய்ததா, பெய்கிறதா, பெய்தால் என்ன என்று கேட்கப்போகிறோமா என்பது தெரியாது. ஆங்கிலக்காரர் ‘இஃப்’ என்று வாயைத் திறந்ததுமே ஒரு கற்பனைக் கதவைத் திறந்துவிடுகிறார். இதைக் கண்டுபிடித்து ரசித்து ஓட்டுப் போட்டவர்கள் யாரோ, அவர்களுக்கு ஒரு வணக்கம்.

காரணம் சொன்னால்தான் பரிசு

அதே 2004-ல் ஜெர்மனியிலும் ஒரு போட்டி நடந்தது. ஜெர்மன் மொழியின் மிக அழகான சொல் எது? கோதே நிறுவனமும் ஜெர்மன் மொழி மன்றமும் சேர்ந்து நடத்தின. கோதே நிறுவனத்தை நமக்கு வேறு பெயரில் தெரியும். சென்னை உள்பட இந்திய நகரங்களில் ‘மாக்ஸ் முல்லர் பவன்’ என்ற பெயரில் ஜெர்மன் வகுப்பு நடத்துகிறார்களே, அவர்களேதான். 111 நாடுகளிலிருந்து 22,838 பேர் எழுதிப் போட்டார்கள். ஜெர்மானியர்கள், ஜெர்மன் கற்றுக்கொள்ளும் வெளிநாட்டவர்கள் இருவருமே கலந்துகொண்டார்கள்.

பிரிட்டிஷ் கவுன்சில் ஓட்டுகளை எண்ணியது. ஜெர்மன்காரர்கள் எண்ணவில்லை. ‘சொல்லை மட்டும் அனுப்பாதே, ஏன் பிடிக்கும் என்பதையும் எழுது’ என்றார்கள். எது அதிகம் வந்தது என்பது பொருட்டல்ல, யார் சொன்ன காரணம் மனதைத் தொடுகிறது என்பதே கணக்கு. கோதே நிறுவனத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர் யூட்டா லிம்பாக். அதற்கு முன் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தவர். அந்தக் காரணங்களும் சொற்களும் பின்னால் ஒரு புத்தகமாகவே வந்தன.

முதல் பரிசு பெற்ற சொல் ‘ஹாப்ஸேலிக்கைட்டன்’. ஒருவரிடம் இருக்கிற கொஞ்ச நஞ்சச் சாமான்கள் என்று பொருள். சொத்து அல்ல, நகை அல்ல. விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள், ஆனால் உடையவருக்கு உயிர். ஆறு வயசுப் பையன் டவுசர் பாக்கெட்டைக் கவிழ்த்தால் விழும் கோலிக்குண்டு, கயிறு, பிஸ்கட் தூள். வீட்டைவிட்டு ஓட நேர்ந்தவர்கள் கடைசியாகக் கையில் எடுத்துக்கொள்ளும் துணிமூட்டை. இரண்டுக்கும் ஒரே சொல்தான். ‘ஹாப்’ என்றால் உடைமை. ‘ஸேலிக்கைட்’ என்றால் பேரின்பம். கொஞ்சமே கொஞ்சம் உடைமையும், எட்டாத பேரின்பமும் ஒரே சொல்லுக்குள் கைகோத்து நிற்பதுதான் அழகு என்று காரணம் எழுதப்பட்டிருந்தது.

மொழியியல் அறிஞர்கள் இதற்கு உதட்டைப் பிதுக்கினார்கள். இந்தச் சொல்லில் இருக்கிற ‘ஸேலிக்’ வேறு, பேரின்பத்தின் ‘ஸேலிக்’ வேறு, வரலாற்றில் இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனாலும் பரிசு பரிசுதான். எழுத்தில் இன்று அப்படித் தெரிகிறதே, கண்ணில் பட்டதை ஒருவர் பார்த்துவிட்டாரே, என்ன செய்வது!

‘ஹாப்ஸேலிக்கைட்டன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘தட்டுமுட்டுச் சாமான்’ என்றால் கொஞ்சம் அலட்சியம் தொனிக்கிறது. ‘மூட்டை முடிச்சு’ என்று சொல்லிப்பாருங்கள். சரியாகப் பொருந்துகிறதல்லவா? ‘மூட்டை முடிச்சோடு வந்து நின்றாள்’ என்றால் அதில் எத்தனை கதை இருக்கிறது! தினமும் சொல்கிற சொல்தான். அதை இப்படி நிறுத்திவைத்துப் பார்ப்பதற்கு ஒரு ஜெர்மன் சொல் வர வேண்டியிருக்கிறது.

இரண்டாம் இடம் ‘கெபோர்கன்ஹைட்’. கோழியின் இறக்கைக்குள் இருக்கும் குஞ்சுக்கு இருக்குமே ஒரு நிம்மதி, பயமில்லை, குளிரில்லை, யாரும் நம்மை எடுத்துப்போக மாட்டார்கள் என்ற நிச்சயம், அதுதான். ‘பாதுகாப்பு’ என்று மொழிபெயர்த்தால் காவல் நிலைய வாசனை வந்துவிடும். ‘அம்மா மடி’ என்றால் கிட்டத்தட்ட சரி.

மூன்றாம் இடம் ‘லீபன்’, நேசிப்பது. சொல்லப்பட்ட காரணம் ஒரே வரி. வாழ்வது என்பதற்கு ஜெர்மனில் ‘லேபன்’. எழுத்தில் இரண்டுக்கும் ஒரு ‘ஐ’ மட்டுமே வித்தியாசம். வாழ்க்கைக்கும் நேசத்துக்கும் ஓர் எழுத்துதான் தூரம்! நான்காம் இடம் ‘அவ்கன்பிளிக்’. ‘அவ்க’ என்றால் கண், ‘பிளிக்’ என்றால் பார்வை. சேர்ந்தால் ‘கணம்’. நம் ‘இமைப்பொழுது’ ஞாபகம் வருகிறதா? தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு சொல்லும்போது கண் இமைப்பதையும் விரல் நொடிப்பதையும்தான் எடுத்துக்கொள்கிறது. கடிகாரம் இல்லாத காலத்தில் இங்கேயும் அங்கேயும் மனிதர்களுக்குக் கண்தான் கைக்கடிகாரம்.

ஐந்தாம் இடம் ‘ரபார்பர்மார்மலாட’. ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டில் செய்த ஜாம், அவ்வளவுதான். இதற்கெல்லாம் தத்துவம் தேடக் கூடாது. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காரணம் புரியும்.

குழந்தைகள் பிரிவில் வென்றது ஒன்பது வயதுச் சிறுவன் அனுப்பிய ‘லிபெல்ல’. தட்டான் பூச்சி. அந்தச் சொல்லில் ‘ல்’ ஒலிக்கான எழுத்து மூன்று முறை வருகிறது, அது நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது, பூச்சி பறப்பதுபோலவே இருக்கிறது என்பது அவன் வாதம். குழந்தைப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். டேவிட் கிறிஸ்டல் என்ற பிரிட்டிஷ் மொழியியல் அறிஞர், மக்கள் அழகு என்று தேர்ந்தெடுக்கும் ஆங்கிலச் சொற்களை 1995-ல் ஆராய்ந்தார். அவற்றில் ‘ல்’, ‘ம்’ போன்ற ஒலிகள் அடிக்கடி வருவதைக் கண்டார். பள்ளிக்கூடத்தில் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று ராகம் போட்டு மனப்பாடம் செய்தோமே, அதில் ‘ம்’ மெல்லினம், ‘ல்’ இடையினம். முரட்டு வல்லினத்துக்கு ரசிகர்கள் குறைவு என்பது நம் இலக்கண ஆசிரியர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

கேடயத் தேரையும் ஒளிரும் பேரிக்காயும்

ஜெர்மன் வகுப்பில் சேர்ந்த மாணவர்கள் முதல் சில வாரங்களிலேயே சிரிக்க ஆரம்பிக்கிற இடம் ஒன்று உண்டு. கூட்டுச் சொற்கள்.

கையுறைக்கு ஜெர்மனில் ‘ஹாண்ட்ஷூ’. ‘ஹாண்ட்’ என்றால் கை, ‘ஷூ’ என்றால் செருப்பு. கைச்செருப்பு! ஆமை என்பது ‘ஷில்ட்க்ரோட்ட’, அதாவது கேடயத் தேரை. கேடயத்தை முதுகில் மாட்டிக்கொண்ட தேரை ஒன்று ஊர்ந்து போவதைக் கற்பனை செய்துபாருங்கள். குண்டு பல்பு ‘க்ளூபிர்ன’, ஒளிரும் பேரிக்காய். மரத்தில் தலைகீழாகத் தொங்கும் அசமந்தப் பிராணியான ஸ்லாத்துக்கு ‘ஃபவுல்டியர்’, சோம்பேறி மிருகம். ஓடில்லாத நத்தைக்கு ‘நாக்ட்ஷ்னெக்க’, அம்மண நத்தை. மனசு சரியில்லாதபோது கண்டதையும் தின்று உடம்பில் ஏறும் சதைக்குக்கூடத் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘கும்மர்ஷ்பெக்’. ‘கும்மர்’ துக்கம், ‘ஷ்பெக்’ பன்றிக்கொழுப்பு. துக்கக் கொழுப்பு!

வேடிக்கை என்னவென்றால், ஜெர்மானியர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமே தெரியாது. குளிர்காலத்தில் ‘ஹாண்ட்ஷூ’ மாட்டும்போது அவர்கள் மனதில் செருப்பு வருவதில்லை. நாம் ‘நீர்யானை’ என்று சொல்லும்போது யானையை நினைக்கிறோமா? ஹிப்பொபொட்டாமஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஆற்றுக் குதிரை என்று பொருள். கிரேக்கர்கள் அந்த மிருகத்தில் குதிரையைப் பார்த்தார்கள், நாம் யானையைப் பார்த்தோம். யார் பார்த்தது சரி என்று வீட்டில் குழந்தைகளிடம் கேட்டுப்பாருங்கள், அரை மணி நேரம் சண்டை நடக்கும். தாய்மொழிக்காரர்களுக்குச் சொல் என்பது பூசி, வெள்ளையடித்து முடித்த சுவர். வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் செங்கல்லும் இடுக்கும் தெரிகின்றன. உச்சரிப்பு வராமல், இலக்கணம் தெரியாமல் தடுமாறுகிறவருக்கு, அந்த மொழியைப் பொறுத்தவரை இந்த ஒரு விஷயத்தில் உள்ளூர்க்காரரைவிடக் கண் கூர்மை.

அர்த்தமே தேவைப்படாத காதலும் உண்டு. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் சிறுவனாக இருந்தபோது, நிலக்கரி ஏற்றிவந்த ரயில் பெட்டிகளில் எழுதியிருந்த வெல்ஷ் மொழி ஊர்ப் பெயர்களைப் பார்த்து மயங்கினார். பின்னால் கல்லூரி நூலகத்தில் ஒரு ஃபின்னிஷ் இலக்கணப் புத்தகம் கையில் கிடைத்ததும், அரிய திராட்சை மது நிறைந்த நிலவறையைக் கண்டுபிடித்தவன் மாதிரி ஆனேன் என்றார். அவர் கதைகளில் வரும் தேவமாந்தர்களின் மொழிகளுக்கு ஃபின்னிஷும் வெல்ஷும்தான் விதை.

சின்னஞ்சிறு சொற்களுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் கற்பவர்களிடம் பிடித்த சொல் எது என்று கேட்டால் தவறாமல் வருகிற ஒன்று, ‘டோஹ்’. இதற்கு அகராதியில் பொருள் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஓர் உதாரணம் பார்ப்போம். ‘நீ இன்னும் சாப்பிடலையா?’ என்று ஒருவர் கேட்கிறார். நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள். ‘ஆமா’ என்றால், ‘ஆமா, சாப்பிடலை’ என்றாகிவிடும். ‘இல்லை’ என்று மட்டும் சொன்னாலும் வம்பு. ஜெர்மானியர் ‘டோஹ்!’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார். ‘நீ நினைப்பது தப்பு, நான் சாப்பிட்டாச்சு’ என்பது முழுவதும் அதற்குள் அடக்கம். பிரெஞ்சுக்காரர்கள் இதே இடத்தில் ‘ஸி’ என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கென்று ஒரு சொல் இல்லாததால் ஆங்கிலக்காரர்களுக்கு ‘டோஹ்’ என்றால் கொள்ளை ஆசை. நம்மிடம்? ‘சாப்பிட்டேனே!’ என்று ஒரு ‘ஏ’காரத்தை நீட்டினால் போதும், வேலை முடிந்தது. ‘வந்தேனே’, ‘சொன்னேனே’, ‘குடுத்தேனே’. அந்த ஒற்றை ‘ஏ’ இத்தனை வேலை செய்கிறது என்பதை ‘டோஹ்’ கற்கும்வரை நாம் கவனித்திருக்க மாட்டோம்.

650 சொற்களுக்கு அந்தப் பக்கம்

இவ்வளவு நேரம் பொழுதுபோக்காகப் பேசினோம். ஆனால், ஜெர்மன் படிக்கும் பலருக்கு அது பொழுதுபோக்கு இல்லை.

ஜெர்மனியில் வேலை செய்யும் கணவரிடம் போய்ச் சேர மனைவிக்கு விசா வேண்டுமா? 2007-லிருந்து, பொதுவாக ‘ஏ1’ என்கிற முதல் நிலை ஜெர்மன் தேர்வில் தேறிய சான்றிதழ் காட்ட வேண்டும். சில பிரிவினருக்கு விலக்கு உண்டு, எல்லோருக்கும் இல்லை. தேறும்வரை அவர் அங்கே, இவர் இங்கே. நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு மேடு இன்னும் உயரம். அங்கே முழுத் தகுதி பெற்ற நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக ‘பி2’ தேற வேண்டும். அது ஆறு படிகளில் நான்காவது படி. இங்கே நர்சிங் முடித்து, வேலைக்குப் போய்க்கொண்டே, இரவு ஷிஃப்ட் முடித்த கண்ணோடு காலையில் ஜெர்மன் வகுப்பில் உட்காருவது சாதாரண விஷயமா!

‘ஏ1’ தேர்வுக்கான சொற்பட்டியலில் சுமார் 650 சொற்கள். முகவரி, படிவம், ரயில் நிலையம், வாடகை... எல்லாம் அவசியமானவை. எதையும் குறை சொல்ல முடியாது. ஆனால், அத்தனையும் வேறு யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்தவை.

போதாக்குறைக்கு ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் வேறு உண்டு. சாப்பாட்டு மேஜையைப் பாருங்கள்: கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லாத மூன்றாம் பால். உயர்திணை, அஃறிணை என்று நியாயமாக யோசித்துப் பழகிய நமக்குத் தலை சுற்றும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனுக்கும் சுற்றியது. 1880-ல் ‘படுமோசமான ஜெர்மன் மொழி’ என்று தலைப்பு வைத்தே ஒரு கட்டுரை எழுதித் தீர்த்தார். இளம்பெண்ணைக் குறிக்கும் சொல்லுக்குப் பெண்பால் இல்லை, டர்னிப் கிழங்குக்கு உண்டு என்பது அவருடைய ஆற்றாமை. அத்தனை புலம்பலுக்கு நடுவிலும், வீடு, அன்பு, அமைதி இவற்றைச் சொல்லும் ஜெர்மன் சொற்களுக்கு மனதை உருக்கும் வலிமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். திட்டிக்கொண்டே படித்தவருக்கும் செல்லச் சொற்கள் இருந்திருக்கின்றன!

மொழி ஆசிரியர்கள் வகுப்பில் செய்யச் சொல்லும் சின்னப் பயிற்சி ஒன்று இங்கேதான் உதவுகிறது. ‘உன் லீப்லிங்ஸ்வோர்ட் எது?’ அதாவது, உனக்கு மிகவும் பிடித்த சொல் எது, ஏன்? பட்டியலில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. படிவம் நிரப்பவோ, வழி கேட்கவோ, டிக்கெட் வாங்கவோ அல்லாமல், தனக்கு எது பிடிக்கும் என்பதை அந்த மொழியில் முதல்முறையாகச் சொல்ல வேண்டும். ‘எனக்குப் பிடித்த சொல் இது, ஏனென்றால்...’ அந்த ‘ஏனென்றால்’ இடத்தில்தான் பயிற்சியின் சூட்சுமம் இருக்கிறது.

‘ஏனென்றால்’ என்பதற்கு ஜெர்மனில் ‘வைல்’. இந்தச் சொல் வந்துவிட்டால் வாக்கியத்தின் வினைச்சொல் ஓடிப்போய்க் கடைசியில் நின்றுகொள்ளும். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கு இது பெரிய தலைவலி. வினைச்சொல்லை நினைவில் பிடித்துக்கொண்டே மற்றதையெல்லாம் சொல்லி முடிக்க வேண்டும். நமக்கோ இது சொந்த வீடு. ‘வைல் இஹ் இன் டாய்ச்லாண்ட் ஆர்பைட்டன் மோஹ்ட்ட’ என்ற வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால்: ‘ஏனென்றால் – நான் – ஜெர்மனியில் – வேலை செய்ய – விரும்புகிறேன்’. ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை! ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிக்கும் நம் பிள்ளைகள், தமிழ் வாக்கியத்தை ஆங்கிலத்துக்காகத் தலைகீழாகப் புரட்டி, அதை மறுபடி ஜெர்மனுக்காக நேராக்கி அவதிப்படுகிறார்கள். நேரே தமிழிலிருந்தே போனால் இந்த இடத்தைச் சுலபமாகக் கடக்கலாம். யாராவது இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

ஊரைவிட்டுப் போகிறவர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்ளும் ஒரு சொல் ‘ஹைம்வே’. ‘ஹைம்’ வீடு, ‘வே’ வலி. வீட்டுவலி! ஏக்கம் என்று நாம் சொல்வதை அவர்கள் வலி என்றே சொல்லிவிட்டார்கள். யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் 1688-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இதை ஒரு நோயாகவே எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுதினார். மருத்துவர்களுக்குக் கிரேக்கப் பெயர் இருந்தால்தானே மரியாதை? வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயர் வைத்தார். பழைய பாட்டு கேட்கும்போதெல்லாம் இன்று நாம் சொல்கிற ‘நாஸ்டால்ஜியா’, ‘ஹைம்வே’ என்ற சொல்லின் மொழிபெயர்ப்பாகப் பிறந்ததுதான். இதற்கு எதிர்ப்பதமும் ஜெர்மனில் உண்டு, ‘ஃபெர்ன்வே’. தூரத்துக்காக ஏங்கும் வலி. போகும் முன் ஒன்று, போன பின் மற்றொன்று.

ஆனால், நர்ஸாகப் போகிறவர்களுக்கென்றே ஜெர்மன் மொழியில் ஒரு சொல் காத்திருக்கிறது: ‘க்ராங்கன்ஷ்வெஸ்டர்’. ‘க்ராங்கன்’ என்றால் நோயாளிகள், ‘ஷ்வெஸ்டர்’ என்றால் சகோதரி. நோயாளிகளின் சகோதரி. நம் ஊர் ஆஸ்பத்திரியில் ‘சிஸ்டர், டிரிப்ஸ் முடிஞ்சிடுச்சு’ என்கிறோமே, அதே சகோதரி! மடங்களைச் சேர்ந்த கிறிஸ்தவ சகோதரிகள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட காலத்தின் மிச்சம் இது. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் கைஸர்ஸ்வெர்த் என்ற ஊரில், 1836-ல் தியோடோர் ஃப்ளீட்னர் என்ற பாதிரியார் பெண்களுக்கு நோயாளிப் பராமரிப்பு கற்பிக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1851-ல் இங்கிலாந்திலிருந்து வந்து அங்கே சில மாதங்கள் பயிற்சி பெற்றுப் போனவர், ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். வேற்றுமொழி ஊரில் நர்ஸ் பயிற்சி என்பது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை.

இந்தப் பெயரில் ஒரு சிக்கல் இருந்தது. ஆண் நர்ஸை எப்படிச் ‘சகோதரி’ என்பது? அவர்களுக்குத் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். 2020-ல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பணிப்பெயரே மாறியது. பராமரிப்பில் தேர்ந்தவர் என்ற பொருளில் பெண்ணுக்கு ‘ப்ஃப்ளேகஃபாக்ஃபிராவ்’, ஆணுக்கு ‘ப்ஃப்ளேகஃபாக்மான்’. கௌரவமான பெயர்தான், சந்தேகமில்லை. சான்றிதழில் அதுதான் இருக்கும். சம்பளச் சீட்டிலும் அதுதான். ஆனால், ராத்திரி இரண்டு மணிக்கு வலியோடு விழித்துக்கொள்கிற வயதான நோயாளிக்கு அத்தனை நீளப் பெயர் வாயில் வருமா? பழகிய நாக்கு பழைய சொல்லைத்தான் கூப்பிடும்: ‘ஷ்வெஸ்டர்!’